பியானோ ஆசான் தேடு படலம்: சென்னையை முன்வைத்து ஓர் இலக்கண ஆய்வு

மனையடி பார்க்கத் தமிழில் நூல் உண்டு. பல்லி எந்த உறுப்பில் விழுந்தால் என்ன பலன் என்று பஞ்சாங்கம் அட்டவணை போட்டே சொல்கிறது. பிள்ளைக்குப் பியானோ வாத்தியார் பார்ப்பது எப்படி என்று மட்டும் யாரும் ஓர் ஓலை நறுக்கைக்கூட விட்டுவைக்கவில்லை. கருவி புதியது, அதனால்தான் என்று சமாதானம் சொல்வதற்கும் வழியில்லை. ஃப்ளாரன்ஸ் நகரத்துக் கிறிஸ்தோஃபோரி 1700 வாக்கில் பியானோவைச் செய்துவிட்டார். நம் மவுண்ட் ரோட்டு மியூசி மியூசிக்கல் கடையின் முன்னோடியான மிஸ்க்வித் கம்பெனி 1842-இலேயே தொடங்கிவிட்டது. விற்பனைக்கு இருந்த அவசரம் இலக்கணத்துக்கு இல்லாமல் போயிற்று. அக்குறையை நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் நூற்பா.

அருகில் இருத்தலே ஆசான் இலக்கணம்
பாலம் கடப்பின் இலன்என மொழிப.

இந்நூற்பா என் நுதலிற்றோ எனின், ஆசிரியர்க்கு இன்றியமையாத தகுதி இதுவென உணர்த்துதல் நுதலிற்று. பெற்றோர் தொலைபேசியில் முதலில் கேட்கும் கேள்வி “நீங்க எந்த ஏரியா?” என்பதே. இரண்டாவது கேள்வி, முதல் கேள்விக்குக் கிடைத்த பதிலைப் பொறுத்தது; பெரும்பாலும் கேட்கப்படுவதில்லை. “பாலம்” என்றது கோடம்பாக்கம் மேம்பாலத்தையும் அடையாற்றுத் திரு.வி.க. பாலத்தையும் மட்டுமன்று. ரயில்வே கேட், மெட்ரோ வேலைக்காக வைத்த தடுப்பு, மழை பெய்தால் மூழ்கும் சுரங்கப்பாதை ஆகியவற்றையும் தழுவி நிற்கும். “மொழிப” என்ற பலர்பால் வினையால், இது தாய், தந்தை, ஆட்டோக்காரர் மூவர்க்கும் ஒத்த கருத்து என்பது பெறப்படும்.

இதற்கு மறுப்பாக இளையராஜாவைக் காட்டுவோர் உளர். அவருக்கு மேற்கத்திய இசை சொல்லிக்கொடுத்த தன்ராஜ் மாஸ்டர் இருந்தது மயிலாப்பூரில், ஒரு விடுதி அறையில். மாணவர் பிறந்தது பண்ணைப்புரத்தில். இடையில் எத்தனை பாலம் என்று எண்ணிப் பார்க்கலாம். ஆயினும் பிள்ளையை மாலை ஐந்து மணிக்குப் பள்ளியிலிருந்து அழைத்துவந்து, பால் கொடுத்து, ஆறு மணிக்குக் கணக்கு டியூஷனிலும் சேர்க்க வேண்டிய நிலை அவருக்கு இல்லை என்பதால், இவ்வெடுத்துக்காட்டு இங்கே செல்லாது.

இனி, ஆசிரியர் வாழும் நிலம். வேப்பேரி, பெரம்பூர், கீழ்ப்பாக்கம், சாந்தோம் ஆகிய தேவாலயம் சார்ந்த பகுதிகளில் ஆலயத்து ஆர்கன் வாசிப்போரும் பாடகர் குழுவைப் பழக்குவோரும் வாழ்வர். கோடம்பாக்கம், சாலிகிராமம் பக்கம் சினிமா ஒலிப்பதிவுக்கு வாசிப்போர் வாழ்வர்; இவர்களிடம் வகுப்பு நேரம் என்று ஒன்று உண்டு, ஆனால் ரெக்கார்டிங் வந்தால் அது இல்லை. பழைய மகாபலிபுரம் சாலையில் இசைப்பள்ளிகளின் கிளைகள் கண்ணாடிக் கதவும் ஏசியும் உடையனவாய் விளங்கும். ஆசிரியர் ஆணாயின் “மாஸ்டர்” அல்லது “சார்”, பெண்ணாயின் அறுபது வயதானாலும் “மிஸ்”.

இவர்களுள் மிகச் சிறந்தவர்கள் பலகை மாட்டுவதில்லை. ஆதலால் தேடுவோன் தகவல் பெறும் வழிகளை ஆராய வேண்டியுள்ளது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வரும் கூட்டத்தில் கேட்கலாம். இசைக் கருவிக் கடையில் கேட்கலாம். அவர்கள் ஆசிரியர் பெயரோடு ஒரு கீபோர்டின் விலையையும் சேர்த்துச் சொல்வார்கள். பியானோ டியூன் செய்பவர் கிடைத்தால் அவரைவிட நம்பகமான சாட்சி வேறில்லை. யார் வீட்டுப் பியானோ உழைக்கிறது, யார் வீட்டில் அதன் மேல் பூச்சாடி மட்டும் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். ஆனால் இத்துறையில் இதுவரை ஆய்வாளர் கண்ணில் படாத தரவு மூலம் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ச்மேன். “சி பிளாக்குல ஒரு மிஸ் இருக்காங்க சார். பசங்க நிறைய வர்றாங்க. ஆனா ரெண்டு வருஷமா ஒரே பாட்டுதான் கேக்குது” என்று அவர் சொல்லும்போது ஆசிரியரின் இருப்பிடம், மாணவர் எண்ணிக்கை, கற்பிக்கும் வேகம் ஆகிய மூன்றும் ஒரே வாக்குமூலத்தில் கிடைத்துவிடுகின்றன. அந்த ஒரே பாட்டு எதுவென்று கேட்கத் தேவையில்லை. பீத்தோவன் 1810-இல் எழுதி, அவர் இறந்து நாற்பது ஆண்டு கழித்து 1867-இல் அச்சேறிய “ஃப்யூர் எலீஸ்” தான் அது. அதிலும் முதல் பக்கம்தான்.

அடுத்து, கருவி பற்றிய குழப்பம். பியானோ கற்றுத் தருவதாகச் சொல்லும் பல இடங்களில் இருப்பது 61 கட்டை கீபோர்டு. பியானோவுக்கு 88 கட்டை. வெள்ளை 52, கறுப்பு 36. கூட்டல் கழித்தலில் மட்டும் உள்ள வேறுபாடன்று இது. பியானோவில் கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு சுத்தியல் எழுந்து கம்பியை அடிக்கிறது. மெல்லத் தொட்டால் மெல்லிய ஓசை, ஓங்கி அடித்தால் பெரிய ஓசை. இத்தாலியக்காரர் கிறிஸ்தோஃபோரி மெனக்கெட்டதே இதற்காகத்தான். அதற்கு முந்தைய ஹார்ப்சிகார்டில் கம்பியை ஓர் இறகு மீட்டிவிட்டுப் போகும், எவ்வளவு பலமாக அழுத்தினாலும் ஓசை பெரிதாக மாறாது. மலிவான கீபோர்டில் விரலுக்கு அந்த எடை தெரியாது. அதில் இரண்டு ஆண்டு பழகிய பிள்ளையைத் தேர்வறையில் நிஜப் பியானோ முன் உட்கார வைத்தால், கட்டை கீழே போகவே மறுக்கிறது என்று அழும். எடையுள்ள கட்டைகள் கொண்ட டிஜிட்டல் பியானோ வாங்கினால் இக்குறை பெரும்பாலும் தீரும். ஹெட்போன் போட்டு வாசிக்கலாம் என்பதால் மேல்வீட்டாருடனான உறவும் கெடாது.

நிஜப் பியானோ வைத்திருக்கும் ஆசிரியர் கிடைத்தாலும் ஆராய்ச்சி முடிவதில்லை. கடல் காற்று கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கிறது. மழைக்கால ஈரத்தில் ஒலிப்பலகை உப்பிச் சுருதி ஏறுகிறது, கோடையில் இறங்குகிறது. இருநூற்றுக்கு மேற்பட்ட கம்பிகள், எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 18 டன் இழுவிசையில் நிற்பவை, சென்னை வானிலையோடு ஓயாமல் பேரம் பேசிக்கொண்டிருக்கின்றன. ஆகவே வாத்தியார் வீட்டுக்குப் போனதும் சுவரிலுள்ள சான்றிதழைப் பார்க்காமல் நடுவிலுள்ள நாலு கட்டையை அழுத்திப் பார்ப்பது நலம். வருடத்தில் இரண்டு முறையாவது டியூன் செய்யப்படாத பியானோவில் கற்ற பிள்ளை, தப்பான சுருதியைத்தான் சரியென்று காதில் ஏற்றிக்கொண்டு வரும்.

சான்றிதழ் என்றதும் தேர்வு பற்றிச் சொல்லியாக வேண்டும். லண்டன் ட்ரினிட்டி காலேஜ், ஏபிஆர்எஸ்எம் என இரண்டு சமயங்கள் இங்கே வழக்கிலுள்ளன. இரண்டிலும் எட்டு கிரேடுகள். முன்னதில் நூற்றுக்கு 60 பாஸ், 87 டிஸ்டிங்ஷன். இது தமிழ்ப் பெற்றோர்க்கு எளிதில் விளங்கும். பின்னதில் மொத்த மதிப்பெண் 150, பாஸ் மார்க் 100. நூற்றுக்கு நூறு என்பதையே பிறவிப் பயனாகக் கருதும் சமூகத்தில், நூறு வாங்கினால் ஜஸ்ட் பாஸ் என்று ஒருவன் சொன்னால் மனம் எப்படி ஏற்கும்? போதாததற்கு, ஏபிஆர்எஸ்எம்மில் ஆறாம் கிரேடு எழுத ஐந்தாம் கிரேடு தியரியோ அதற்கு ஈடான ஒன்றோ முடித்திருக்க வேண்டும்; ட்ரினிட்டியில் அந்தக் கட்டாயம் இல்லை. வழக்கமான தேர்வில் வாசிக்க வேண்டியவை மூன்று பீஸ். ஆண்டு முழுவதும் அந்த மூன்றை மட்டும் வாசித்து எட்டாம் கிரேடு வரை ஏறிய பிள்ளைகள் உண்டு. உறவினர் கல்யாணத்தில் “ஏதாவது வாசிம்மா” என்றால் அவர்கள் முகத்தில் தோன்றும் திகைப்பு தனி ஆய்வுக்கு உரியது.

கட்டணம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பாரிஸில் ஷோபான் ஒரு பாடத்துக்கு 20 ஃப்ராங்க் வாங்கினார். மாணவிகள் அதைக் கணப்படுப்பின் மேல்தட்டில் வைக்கும்போது ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பாராம். நம்மூர் மிஸ்களும் விஜயதசமியன்று வெற்றிலை பாக்குத் தட்டில் வைத்த கவரை அதே நாசூக்கோடுதான் வாங்கிக்கொள்கிறார்கள், மாதாவின் படத்துக்குக் கீழே நின்றபடி. அடுத்த மாதத்திலிருந்து யூபிஐ.

இனி இவ்வாய்வின் மையப் பொருளுக்கு வருவோம். ஏரியா, கருவி, கிரேடு, கட்டணம் எனப் பெற்றோர் விசாரிக்கும் நான்கிலும் கற்பிக்கும் திறம் வரவேயில்லை. ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் பவணந்தியார் நன்னூல் பாயிரத்தில் விசாரித்தது அது ஒன்றைத்தான். ஆகாத ஆசிரியர்க்கு அவர் காட்டிய உவமைகள் நான்கும் பியானோவை மனத்தில் கொண்டு சொன்னவையோ என்று ஐயுறும்படி உள்ளன.

கழற்குடம்: கழற்காய்களைப் போட்ட குடத்தைக் கவிழ்த்தால் போட்ட வரிசையில் வராது. முதல் மாதம் சினிமாப் பாட்டு, மூன்றாம் மாதம் ஸ்கேல், ஓராண்டு கழித்து “இதுதான் மிடில் சி” என்று அறிமுகம் செய்யும் மாஸ்டர் இவர். மடற்பனை: கருக்கு மட்டை சூழ நின்று யாரையும் ஏறவிடாது, தானாகப் பழம் உதிர்த்தால் பொறுக்கிக்கொள்ளலாம். பெயர் பெற்ற ஆசிரியர்களுள் சிலர் இவ்வகை. காத்திருப்போர் பட்டியலில் பிள்ளையின் பெயரைப் போட்டுவைத்தால் மீசை முளைக்கும்போது அழைப்பு வரும். பருத்திக் குண்டிகை: சிறிது சிறிதாக அடைத்த பஞ்சைச் சிறிது சிறிதாகவே பிடுங்க வேண்டும். வாட்ச்மேன் சொன்ன சி பிளாக் மிஸ் இவரே. முடத்தெங்கு: ஒருவர் ஊற்றும் நீரைக் குடித்துவிட்டு வேலிக்கு அப்பால் காய் போடும் வளைந்த தென்னை. கட்டணம் நம்முடையது, போட்டிக்கு அனுப்பத் தேர்ந்தெடுத்துப் பழக்குவது அடுத்த வீட்டுப் பெண்ணை. உரையாசிரியர் இங்கே பெருமூச்சு விட்டுக் கடந்து செல்கிறார்.

இவற்றைக் கண்டறிய ஒரே வழி, வேறொரு பிள்ளையின் வகுப்பில் அரை மணி நேரம் ஓரமாக உட்கார்ந்து பார்ப்பதுதான். பிள்ளை தப்பு செய்யும்போது ஆசிரியரின் கை எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். தானே வாசித்துக் காட்டுகிறாரா, பிள்ளையின் மணிக்கட்டைத் தளர்த்துகிறாரா, போனை எடுக்கிறாரா? அதோடு, “நீங்க ஏதாவது வாசிங்களேன்” என்று கேட்டுவிட வேண்டும். சேலை வாங்கும்போது பத்து சேலையைப் பிரித்துப் போடச் சொல்லும் நாம் இதைக் கேட்கக் கூச்சப்படுகிறோம். நல்ல ஆசிரியர்கள் இக்கேள்வியால் கோபப்படுவதில்லை. பெரும்பாலும் நிறுத்த மாட்டார்கள், அதுதான் சிக்கல்.

நன்னூல் மாணாக்கர்க்கும் உவமை சொல்கிறது: கேட்டதை ஒழுகவிடும் இல்லிக்குடம், அங்கே ஒரு கடி இங்கே ஒரு கடி மேயும் ஆடு, குளத்தைக் கலக்கும் எருமை, நெய்யை விட்டுக் கசடைப் பிடித்துக்கொள்ளும் நெய்யரி. திங்கள் பியானோ, செவ்வாய் செஸ், புதன் நீச்சல் என்று வாழும் பிள்ளைகள் இவற்றுள் எது என்று நான் சொல்லத் தேவையில்லை. பெற்றோர் யாரும் இப்பக்கத்தைப் புரட்டுவதில்லை. ஆசிரியர்கள் புரட்டுகிறார்கள், வாய்விட்டுச் சொல்வதில்லை.

எஞ்சியிருப்பது வயது வந்தோர் வகை. இளமையில் பக்கத்து வீட்டு ஜன்னல் வழியாகக் கேட்டுவிட்டு, வேலை, கடன், கல்யாணம் எல்லாம் முடித்து இப்போது கற்க வருகிறவர்கள். என் கணிப்பில் ஆசிரியர்கள் மிக விரும்புவது இவர்களைத்தான்: தாமாக வருகிறார்கள், கிரேடு கேட்பதில்லை, வீட்டில் பயிற்சி செய்துவிட்டு வருகிறார்கள், விரல்தான் வளைவதில்லை. ஆனால் இவர்கள் தேடும் முறை விநோதமானது. தமக்கு என்று ஒருபோதும் கேட்க மாட்டார்கள்.

“மிஸ், பியானோ கிளாஸ் எடுக்கறீங்களாமே. வீட்ல ஒருத்தருக்கு.”

“எடுக்கறேன் சார். என்ன வயசு?”

“நாப்பத்தேழு.”

“சரி. சனிக்கிழமை காலைல ஏழு மணிக்கு வரச் சொல்லுங்க. நகத்தை ஒட்ட வெட்டிட்டு வரணும். அப்புறம், அவர் எந்த ஏரியா சார்?”