படுதாவ யாருலே புடிக்கிறது?

ஏலே மருமவனே, உன் மேக்ரோ ஓடுற அழக நானும் பாத்தேன். ஒரு ஸ்லைடு வருது, போவுது, அடுத்தது எட்டிப் பாக்குது, ஒரு டப்பாவச் சுத்திப் புள்ளி புள்ளியா முளைக்குது, மறுபடி எல்லாம் ஓடிப் போவுது. அடுப்படியில இருந்து வந்த உங்க அத்தை, “கரண்டு லோ வோல்டேஜா?”ன்னு கேட்டுட்டுப் போறா. உன் மேனேஜரு இதப் பாத்துட்டு, பய என்னமா வேலை பாக்கான்னு மெச்சியிருப்பாரு. கெட்டிக்காரன்லே நீ. சம்பள உயர்வு வர்ற வரைக்கும் இத மாத்தாத.

மாத்தணும்னுதான் இருக்கேங்கியா? சரி, கேட்டுக்கோ.

எக்செல்ல பழகுன பய நீ. அங்க தலைமாட்டுல ஸ்கிரீன்அப்டேட்டிங் ஃபால்ஸ்னு ஒரு வரி எழுதுனா திரை அசையாம நிக்கும். வேர்டுலயும் அது உண்டு. அதே வரியப் பவர்பாயிண்ட்ல எழுதிட்டு, “கம்பைல் எர்ரர் வருது மாமா”ன்னு மூஞ்சத் தொங்கப் போட்டா எப்படி? அங்க அப்படி ஒண்ணு கிடையவே கிடையாதுலே. 1987ல மேக்கிண்டாஷுக்குன்னு பொறந்த சாமான் அது. அந்த வருஷமே 1 கோடியே 40 லட்சம் டாலர் எண்ணி வச்சு மைக்ரோசாஃப்ட் வாங்கிட்டு. 97 வெர்ஷன்ல விபிஏ வந்துச்சு. இத்தனை காலத்துல எழுத்து சுத்துறதுக்கும் பறக்குறதுக்கும் எத்தனையோ வித்தை சேத்தாங்க. இந்த ஒத்த வரியச் சேக்க மட்டும் யாருக்கும் மனசு வரல. ஆளையே மறைச்சுருவோம்னு விசிபிள ஃபால்ஸ் ஆக்கிப் பாத்தியாக்கும்? ஜன்னல மறைக்க அனுமதி இல்லன்னு மூஞ்சிலயே சொல்லிருக்குமே.

இப்ப உன் கோடுக்கு வருவோம். கோட்டுஸ்லைடுன்னு 12ஆம் ஸ்லைடுக்கு நடந்து போற. அங்க ஒரு ஷேப்பப் புடிச்சு செலக்ட் பண்ணுத. அப்புறம் ஆக்டிவ்விண்டோ, செலக்ஷன், டெக்ஸ்ட்ரேஞ்சுன்னு அதுகிட்ட போய் மாசத்தோட பேர எழுதுத. அடுத்த ஸ்லைடுக்கும் இதே ஊர்வலம். 60 ஸ்லைடுக்கும் இப்படியே போனா திரை ஆடாம என்ன செய்யும்? எக்செல்ல ரெக்கார்டர் போட்டு எடுத்தவன் இப்படி எழுதுனா மன்னிக்கலாம், அது கை போன வழிய அப்படியே எழுதிக் குடுக்கும். பவர்பாயிண்ட்ல அந்த ரெக்கார்டர 2007லயே தூக்கிட்டாங்க. அது செய்ய வேண்டிய கூத்தையும் நீ கையால டைப் பண்ணி வச்சிருக்க பாரு, அந்த உழைப்புக்கு ஒரு துண்டு போத்தலாம்.

ஆல்ட்டும் எஃப்10உம் அமுக்கு. செலக்ஷன் பேன் வரும். அதுல அந்த டப்பாவுக்கு ‘மாசம்’னு பேர் வை. ஆனா அந்தப் பேர இங்கிலீசு எழுத்துல வை, விபிஏ எடிட்டருக்குத் தமிழ் எழுத்தக் கண்டா கேள்விக்குறிதான் தெரியும். அப்புறம் ஸ்லைடு, அதுல அந்தப் பேருள்ள ஷேப், அதோட டெக்ஸ்ட்ஃப்ரேம், டெக்ஸ்ட்ரேஞ்ச், டெக்ஸ்ட்னு ஒரே வரியில நேராக் கூப்பிடு. நீ எந்த ஸ்லைடுல நின்னாலும் அது போய் எழுதிட்டு வந்துரும். ஒட்டுறதும் அப்படித்தான்: வியூ.பேஸ்ட் வேண்டாம், அந்த ஸ்லைடோட ஷேப்ஸ்.பேஸ்ட் இருக்கு. இவ்வளவு செஞ்சாலே முக்காவாசி ஆட்டம் நின்னுரும்.

மிச்சமும் நிக்கணும்னா ஜன்னலே இல்லாமத் திற. பிரசன்டேஷன்ஸ்.ஓப்பன் போடுதப்ப வித்விண்டோன்னு ஒரு வாய்ப்பு இருக்கு, அத எம்எஸ்ஓஃபால்ஸ்னு குடு. ஃபைல் திறக்கும், திருத்தும், சேமிக்கும், மூடும். கண்ணுல ஒண்ணும் படாது. நம்மூர் வள்ளி திருமண நாடகத்துல வேடனும் வேலனும் கிழவனும் கொட்டகைக்குள்ள வேசம் மாத்திட்டுத்தான வெளிய வாரான்? மேடையில நின்னு வேட்டிய மாத்துற ஒரே ஆளு நீதான். ஆனா ஒண்ணு, ஜன்னல் இல்லாத எடத்துல செலக்ட் செல்லாது. பழைய கோட அப்படியே கொண்டு போனா, ஷேப்பத் தேர்வு செய்ய அதோட வியூ ஆக்டிவா இருக்கணும்னு வஞ்சு அனுப்பிரும்.

“எல்லாத்தையும் திருத்த நேரமில்ல மாமா, படுதா மாதிரி ஏதாவது?” இத நீ கேப்பன்னு தெரியும். விண்டோஸ்ல யூசர்32ங்குற டிஎல்எல்லுக்குள்ள லாக்விண்டோஅப்டேட்னு ஒண்ணு உண்டு. ஃபைண்ட்விண்டோ வச்சு பவர்பாயிண்ட் சட்டத்தத் தேடிப் புடிச்சு அதுகிட்ட குடுத்தா, பூஜ்யம் குடுத்து விடுவிக்கிற வரைக்கும் அந்த ஜன்னல் வரையாது. சட்டத்தோட கிளாஸ் பேரு 2003ல பிபி11ஃப்ரேம்கிளாஸ், 2007ல பிபி12ஃப்ரேம்கிளாஸ், 2010ல இருந்து பிபிடிஃப்ரேம்கிளாஸ். ரெண்டு ஃபைல் திறந்திருந்தா ரெண்டுக்கும் அதே பேர்தான், தலைப்பையும் சேத்துத் தேடு. இல்லன்னா பக்கத்து வீட்டு ஜன்னலப் பூட்டிட்டு உன் வீட்டுல ஆடிட்டு இருப்ப.

மைக்ரோசாஃப்ட்லயே இருக்குற ரேமண்ட் சென், 2007லயே இத வேண்டாம்னு எழுதிட்டாரு. இழுத்துப் போடுற வேலையில திரையில கோடு வரைய ஆக்குனது இது; ஒரு நேரத்துல ஒரே ஒரு ஜன்னலத்தான் பூட்டலாம், வரைவ நிறுத்த செட்ரீட்ராங்குற மெசேஜ் இருக்குன்னாரு. நீ எதப் போட்டாலும் சரி, முதல்ல ஆன் எர்ரர் கோட்டு எழுதி, தப்பு நடந்தாலும் படுதாவ விடுற எடத்துக்கு ஓடுற மாதிரி வை. நடுவுல மேக்ரோ படுத்துட்டா ஜன்னல் உறைஞ்சே கெடக்கும். மேனேஜரு ஐடி ஆளக் கூப்பிடுவாரு, ஐடி ஆளு ரீஸ்டார்ட் பண்ணுவான், சேமிக்காததெல்லாம் ஆத்தோட.

சார்ட்டு இருக்குற ஸ்லைடுக்கு இந்தப் படுதா எட்டாதுங்கறதையும் சொல்லிருதேன். சார்ட்டேட்டா.ஆக்டிவேட்னதும் எக்செல் தன் ஜன்னலோட வந்து நிக்கும், அது வேற வீடு. எண்ண மாத்துனதும் அந்த ஒர்க்புக்க மூடிரு.

64 பிட் ஆபீசுன்னா டிக்ளேர் வரியில பிடிஆர்சேஃப் போடு, ஹேண்டில லாங்பிடிஆர்னு மாத்து. அப்புறம் உன் பெரிய மேனேஜரு மேக் வச்சிருக்காருல்ல? அதுல யூசர்32ன்னு ஒண்ணே கிடையாது. படுதா சங்கதி முழுசையும் #இஃப் மேக் போட்டு ஒதுக்கி வச்சுட்டு அப்புறமா ஃபைல அவருக்கு அனுப்பு.