ஓப்பன் ஆபீஸுக்கு உயிர்வாழ் சான்றிதழ்

ஓய்வூதியம் வாங்குகிறவர் ஆண்டுக்கொரு முறை கருவூலத்துக்கு, தான் இன்னும் சாகவில்லை என்று நிரூபித்தாக வேண்டும். கைரேகை விழுந்தால் போதும். மாடிப்படி ஏறத் தெம்பிருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளையும் இந்த விஷயத்தில் நம் கருவூலத்துக்கு அண்ணன். ஒரு திட்டத்தின் நிர்வாகக் குழுவில் மூன்று பேர் ஆதரித்து, எதிர்ப்பு அதைவிடக் குறைவாக இருந்தால் புதிய வெளியீடு செல்லும். அப்பாச்சி ஓப்பன் ஆபீஸ் என்ற இலவச அலுவலக மென்பொருள் திட்டத்தில் அந்த மூன்று கைகளுக்கு இன்னும் பஞ்சம் வரவில்லை. ஆகவே ஆள் உயிரோடு இருக்கிறார். நெடுநாள் வாழ்க!

அவர் வாழும் அழகைக் கொஞ்சம் பாருங்கள். 2014 ஏப்ரலில் 4.1 என்ற பதிப்பு வந்தது. அதன் பிறகு 4.1.1, 4.1.2 என்று வால் மட்டும் அசைந்து அசைந்து, 2023 டிசம்பரில் 4.1.15 ஆயிற்று. இதோ வருகிறது 4.2 என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் படித்து முடித்து வேலைக்கே போய்விட்டார்கள். இதே காலத்தில், இதே வயிற்றில் பிறந்த லிப்ரே ஆபீஸ் ஆண்டுக்கு இரண்டு பெரிய பதிப்பு வீதம் போட்டுத் தள்ளியது.

பிரிந்த கதை சுருக்கமானது. மார்கோ போரீஸ் என்ற ஜெர்மானியப் பையன் 1985-இல் தொடங்கிய நிறுவனத்தின் சரக்கிலிருந்து வந்தது ஓப்பன் ஆபீஸ். 1999-இல் அந்த நிறுவனத்தை சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வாங்கியது. 2000 அக்டோபரில் மூலநிரலை உலகத்துக்குத் திறந்துவிட்டது. 2010-இல் சன்னையே ஆரக்கிள் விழுங்கியது. ஆரக்கிளின் குணமறிந்த தன்னார்வலர்கள் அந்தச் செப்டம்பரிலேயே தனி அறக்கட்டளை அமைத்து லிப்ரே ஆபீஸைத் தொடங்கினார்கள். ஓப்பன் ஆபீஸ் என்ற பெயரையாவது கொடுங்கள் என்று ஆரக்கிளிடம் கேட்டார்கள். பெயர் கிடைக்கவில்லை, 'நலன் முரண்பாடு, நாற்காலியைக் காலி செய்யுங்கள்' என்ற பதில்தான் கிடைத்தது. அடுத்த ஆண்டு ஜூனில் தனக்கு வேண்டாத பண்டத்தை ஆரக்கிள் தானம் செய்தது. யாருக்கு? பத்தாண்டு அதில் உழைத்து வெளியேறியவர்களுக்கா? அப்பாச்சிக்கு! எடுத்துக்கொள்ளலாம், திருப்பித் தர வேண்டியதில்லை என்கிற அப்பாச்சி உரிமம் பக்கத்திலிருந்த ஐபிஎம்முக்கும் வசதி. ஐபிஎம் சில காலம் ஆட்களைப் போட்டது, பக்கப்பட்டை ஒன்றைச் சேர்த்தது, பிறகு கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டது.

இந்த உரிமத்தில் ஒரு வேடிக்கை உண்டு. ஓப்பன் ஆபீஸில் எழுதுவதை லிப்ரே ஆபீஸ் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். லிப்ரே ஆபீஸில் எழுதுவதை ஓப்பன் ஆபீஸ் எடுக்க முடியாது. தெருவுக்கு ஒரே திசை. பக்கத்து வீட்டில் பத்தாண்டுக்கு மேலாகச் சமைத்ததில் ஒரு கரண்டிகூட இங்கே வராது. புத்துயிர் கொடுக்கப்போகிறோம் என்று மார்தட்டுகிறவர்கள், நூற்றுக்கணக்கானோர் செய்த வேலை முழுவதையும் முதலிலிருந்து தாங்களே எழுத வேண்டும். மூன்று கைகளால்.

இதுவரை சிரிக்கலாம். 2015-க்கு வாருங்கள். கொரிய எழுத்துச் செயலி ஒன்றின் கோப்பைத் திறக்கும் பகுதியில் பாதுகாப்பு ஓட்டை தெரியவந்தது. விஷமக் கோப்பு ஒன்றைத் திறந்தால் போதும், கணினி பிறன் கைக்குப் போகலாம். லிப்ரே ஆபீஸ் திருத்திய பதிப்பை ஏப்ரலிலேயே வெளியிட்டது. ஓப்பன் ஆபீஸ் ஏப்ரலில் வெளியிட்டது ஓர் அறிவுரை: நிறுவிய இடத்தில் 'புரோகிராம்' என்ற அடைவுக்குள் போங்கள், 'எச்டபிள்யூபி டாட் டிஎல்எல்' என்ற கோப்பைத் தேடுங்கள், அதை நீக்கிவிடுங்கள். யாருக்கு இந்த அறிவுரை? கடிதம் தட்டச்சு செய்கிற குமாஸ்தாவுக்கு, வினாத்தாள் தயாரிக்கிற ஆசிரியைக்கு, வரவு செலவு எழுதுகிற கடைக்காரருக்கு! கத்தியை நோயாளி கையில் கொடுத்து, குடல்வால் வலப்பக்கம் இருக்கும், நீங்களே வெட்டிக்கொள்ளுங்கள் என்ற மாதிரி. திருத்திய பதிப்பு அக்டோபர் இறுதியில்தான் வந்தது. அரையாண்டு! மறு ஆண்டும் இன்னொரு ஓட்டை, அதற்கும் கையால் கோப்பு மாற்றும் வைத்தியம்.

அந்த 2016 செப்டம்பரில், திட்டத்தின் தலைவராக இருந்த டென்னிஸ் ஹாமில்டன் என்பவர் ஒரு நாகரிகமான காரியம் செய்தார். இதற்கு ஓய்வு கொடுப்பதென்றால் என்னென்ன செய்ய வேண்டும் என்று எழுதிப் பேச்சுக்கு வைத்தார். உடனே கொதித்தார்கள். ஓய்வா? எங்களுக்கா? முடிந்துபோன திட்டங்களை மரியாதையாக எடுத்துவைக்க அப்பாச்சியிடம் பரண் ஒன்று தனியாகவே இருக்கிறது. இதை மட்டும் ஏற்ற மனம் வரவில்லை.

காரணம் பெயர். 2020 வாக்கில் பதிவிறக்கங்கள் 30 கோடியைத் தாண்டிவிட்டன என்று கொண்டாடினார்கள். தமிழ்நாடு அரசு நிறுவனமான எல்காட் ஒரு காலத்தில் சூசே லினக்ஸுக்கும் ஓப்பன் ஆபீஸுக்கும் மாறியபோது நம் ஊரிலும் பலர் கேட்டுப் பழகிய பெயர் அது. இலவச அலுவலக மென்பொருள் வேண்டும் என்றால் இன்றும் பலர் வாயில் அதுதான் வருகிறது. நம்பி இறக்குகிறவருக்கு என்ன கிடைக்கிறது? விண்டோஸில் இன்னமும் 32 பிட் நிரல். அலுவலகத்திலிருந்து டாக்ஸ் (.docx) கோப்பு வருகிறது, திறக்கிறது, திருத்துகிறார், அதே வடிவில் சேமிக்கப் பட்டியலைப் பார்க்கிறார். அங்கே டாக்ஸ் இல்லை. அவர் ஓப்பன் ஆபீஸைத் திட்டுவதில்லை. 'ஓசியில் கொடுப்பது இப்படித்தான் இருக்கும்' என்று கட்டற்ற மென்பொருள் அத்தனையையும் சேர்த்துத் திட்டிவிட்டு, மைக்ரோசாஃப்டுக்குச் சந்தா கட்டப் போகிறார். மைக்ரோசாஃப்ட் இவர்களுக்கு ஒரு சிலை வைக்கலாம்.

2020 அக்டோபரில் லிப்ரே ஆபீஸ்காரர்கள் பகிரங்கமாக ஒரு கடிதம் எழுதினார்கள். சொத்து கேட்கவில்லை, மன்னிப்பு கேட்கவில்லை. வளர்ச்சி நின்றுபோன மென்பொருளைத் தேடி வருகிறவர்களிடம், உயிருள்ள ஒன்று பக்கத்தில் இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றார்கள். அந்த ஒரு வார்த்தை வரவில்லை. கூலி வாங்காமல் அங்கே மிஞ்சி உழைக்கிற சிலரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. சமூகமே பெரிது, நிரல் அடுத்ததுதான் என்று உலகுக்கு உபதேசம் செய்துவிட்டு, சமூகம் எழுந்து போன வீட்டின் பெயர்ப்பலகையை மட்டும் துடைத்துக் கொண்டிருக்கும் அறக்கட்டளையை என்ன சொல்வது? இதைத் தெரியாமல் செய்கிறார்கள் என்றால் மன்னிக்கலாம். தெரிந்தே செய்கிறார்கள்.

புத்துயிர் வருமா என்று கேட்கிறவர்களுக்கு: அது 2010-லேயே வந்துவிட்டது, பெயர்தான் வேறு. ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம் 2024-இல் தன் 30,000 அரசுக் கணினிகளை மாற்ற முடிவெடுத்தபோது தேர்ந்தது லிப்ரே ஆபீஸை. அப்பாச்சி செய்ய வேண்டியது ஒன்றே: பதிவிறக்கத்தை நிறுத்திவிட்டு, வருகிறவர்களை அந்தப் பக்கம் அனுப்புவது.

அவர்கள் செய்கிறபோது செய்யட்டும். உங்கள் கணினியிலோ உங்கள் அலுவலகத்திலோ ஓப்பன் ஆபீஸ் இருந்தால் இன்றே எடுத்துவிட்டு லிப்ரே ஆபீஸை நிறுவுங்கள். பழைய கோப்புகள் அதில் திறக்கும். மைக்ரோசாஃப்டுக்குக் கட்டாமல் மிச்சமாகும் பணத்தில் ஒரு பங்கை அதை எழுதுகிறவர்களுக்கு அனுப்புங்கள்.