பயிற்சி நடக்கட்டும், யாரும் கற்றுவிட வேண்டாம்

ஸ்ரீசிட்டியிலும் சித்தூரிலும் ஆலை வைத்திருக்கும் முதலாளிமார்களுக்கும், திருப்பதியில் லாட்ஜ் நடத்தும் பெரியவர்களுக்கும் பணிவுடன் எழுதுவது. ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்தே ஆக வேண்டும் என்று ஹெச்.ஆர். நச்சரிக்கிறாரா? கொடுத்துவிடுங்கள். கொடுத்தும் ஒருவரும் எதையும் கற்றுக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள வழி இருக்கிறது.

முதலில் தேதி. இதில்தான் பாதி வெற்றி. மாம்பழக் கூழ் ஆலை என்றால் ஜூன் மாதத்தைப் பிடியுங்கள். தோத்தாபுரி லாரிகள் கேட்டுக்கு வெளியே வரிசை கட்டி நிற்கும்போது, உள்ளே வேலையில் இருப்பவர்களை எழுப்பிக்கொண்டு போய் உணவுப் பாதுகாப்பு வகுப்பில் உட்கார வையுங்கள். டிசம்பரில் ஆலை சும்மாதானே கிடக்கிறது, அப்போது நடத்தலாமே என்று எவனாவது கேட்டால், டிசம்பரில் ஆட்களுக்குச் சம்பளம் யார் கொடுப்பது என்று வாயை அடையுங்கள். லாட்ஜ்காரர்கள் புரட்டாசிச் சனிக்கிழமையை விட்டுவிடக் கூடாது. வேலூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் குடும்பம் குடும்பமாக ரூம் கேட்டு நிற்பார்கள். கவுண்டர் பையனை அப்போதுதான் மாடிக்குக் கூப்பிட வேண்டும், வாடிக்கையாளரை வரவேற்பது எப்படி என்று சொல்லிக்கொடுக்க.

நேரம்? நைட் ஷிப்ட் முடியும் நேரம்தான். கம்பெனி பஸ்ஸை நிறுத்திவைத்துவிட்டு ஏ.சி. ஹாலில் இரண்டு மணி நேரம். பெண்கள் தூங்கி விழுவார்கள். போட்டோவில் அது தலையாட்டி ஆமோதிப்பது போலவே இருக்கும்.

நகரி, புத்தூர், சத்தியவேடு பக்கத்திலிருந்து வருகிறவர்களில் பலர் வீட்டில் தமிழும் வெளியில் தெலுங்கும் பேசுகிறவர்கள். ஆகவே ஸ்லைடு ஆங்கிலத்திலும் விளக்கம் இந்தியிலும் இருக்கட்டும்.

இப்போது ஒரு விபரீதப் பழக்கம் கிளம்பியிருக்கிறது. பாடத்தை ஐந்தைந்து நிமிட வீடியோவாக வெட்டி, தமிழிலும் தெலுங்கிலும் பேசி, செல்போனுக்கு அனுப்புவது. அதைப் பார்க்க ஷிப்டுக்குள்ளேயே, சம்பள நேரத்திலேயே, அரை மணி விடுவது. பழைய ஆபரேட்டர் அக்காவைப் புதுப் பெண்ணுக்குப் பக்கத்தில் நிறுத்திவைப்பது. இதில் ஆட்கள் உண்மையிலேயே கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். நகரி விசைத்தறிக் கூடங்களில் பக்கத்தில் நின்று பார்த்துத்தான் தொழில் பழகுகிறார்கள். அங்கே சர்டிபிகேட்டும் இல்லை, குரூப் போட்டோவும் இல்லை. உங்களுக்கும் இந்த ஆசை வந்தால் ஒரே பரிகாரம்: போனை கேட்டிலேயே வாங்கி லாக்கரில் பூட்டுங்கள், வீடியோவை ஞாயிற்றுக்கிழமை வீட்டில் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். பார்க்காதவர்களுக்கு மெமோ. நெகிழ்வான கல்வி என்று ஆண்டறிக்கையிலும் போட்டுக்கொள்ளலாம்.

அப்ரண்டிஸ் விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதை. 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை பயிற்சியாளர்களை எடுத்தாக வேண்டும். எடுங்கள், 2.5-ஐத் தாண்டாமல். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்த பையன் கையில் ஸ்பேனரைக் கொடுத்துவிடாதீர்கள், அட்டைப்பெட்டி ஒட்டட்டும். சித்தூர் மாவட்டத்துப் பேட்டமிட்டா பக்கம் தப்பித் தவறியும் போகாதீர்கள். அமர ராஜா குழுமத்தைத் தொடங்கிய கல்லா ராமச்சந்திர நாயுடுவின் சொந்த ஊர் அது. அந்தக் குழுமம் கிராமத்துப் பிள்ளைகளுக்கென்று அங்கே தொழிற்பயிற்சி மையம் வைத்திருக்கிறது. பார்த்தால் மனசு மாறிவிடும்.

மதிப்பீட்டுப் படிவத்தைச் சாப்பாட்டுப் பொட்டலத்துக்கு முன்னால் நீட்டுங்கள். எல்லாரும் ‘மிக நன்று’ போடுவார்கள். பயிற்சி முடித்த பெண் அடுத்த மாதமே பக்கத்து கம்பெனிக்குப் போய்விட்டால் வருந்தாதீர்கள். புதிதாக வருகிறவளுக்கும் அதே ஸ்லைடு போதும், முதல் பக்கத்தில் வருஷத்தை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.