கழுத்துக்கு வந்திருச்சு, சிஸ்டர்!

1980களின் கடைசியில் ராஜபாளையத்தில் எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கு ஷிப்டு வேலை. அண்ணனுக்கு நூற்பாலை, எனக்கு ஆஸ்பத்திரி. மில்லில் ஒரு ஆள் மெஷினில் எத்தனை சைடு பார்க்கலாம் என்பது பேசி முடித்த கணக்கு. ஒன்று கூட்டினால் போதும், கேட்டில் சங்கத்துக் கொடி ஏறிவிடும். சாப்பிடும்போது அண்ணன் கேட்பார்: "நைட்ல உனக்கு எத்தனை பேரு?"

"நாப்பது. பாய்ல கிடக்கிறவங்க தனி."

"எழுத்துல குடுத்திருக்காங்களா?"

எழுத்தில் இல்லாமல் என்ன? தில்லியில் பத்திரமாக இருந்தது. இந்திய நர்சிங் கவுன்சிலின் 1985 நெறிப்படி பொது மருத்துவமனையில் ஐந்து படுக்கைக்கு ஒரு நர்ஸ், மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மூன்றுக்கு ஒருவர், லீவுக்கு மாற்றாக 30 சதவீதம் கூடுதல். படித்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளத் தோன்றும். மூன்றுக்கு ஒன்று என்பது நாள் முழுவதுக்குமான ஆள் கணக்கு, மூன்று ஷிப்டாகப் பிரித்தால் ஒன்பதுக்கு ஒருவர்தான் மிஞ்சுவார் என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைக்கும். அதுவும் படுக்கைக்குத்தான். கட்டிலுக்கடியில் படுத்திருப்பவர் எந்த நெறியிலும் வரமாட்டார்.

1987இல் நர்சிங் தொழிலை ஆராய மத்திய அரசு ஓர் உயர்மட்டக் குழு போட்டது. தலைவர் சரோஜினி வரதப்பன். முன்னாள் முதல்வர் பக்தவத்சலத்தின் மகள், நம்ம ஊர்க் கஷ்டம் தெரிந்தவர் என்று நாங்கள் பூரித்துப் போனோம். அறிக்கையும் வந்தது. எங்கள் டியூட்டி லிஸ்டில் பெயர் மட்டும் கூடவில்லை.

வார்டு ஓடியதற்குக் காரணம் கட்டில் ஓரத்து அத்தைமார்களும் சித்திமார்களும்தான். பெட்பேன் வைப்பதும் கஞ்சி புகட்டுவதும் அவர்கள். டிரிப் பாட்டிலுக்குக் காவலும் அவர்களே. "கழுத்துக்கு வந்திருச்சு, சிஸ்டர்!" என்று குரல் கேட்டால் எழுதுவதைப் போட்டுவிட்டு ஓடுவேன். எழுதும் நேரம் போக, பக்கத்துச் சத்திரப்பட்டியில் நெய்த பேண்டேஜ் துணியை வெட்டி மடித்து டிரம்மில் அடுக்க வேண்டும். அதை எந்தக் குழுவும் வேலையாகச் சேர்த்ததாகத் தெரியவில்லை. கலிபோர்னியாவில் 1999இல் சட்டம் போட்டு, 2004இல் அமலாக்கி, கடைசியில் பொது வார்டில் ஐந்து நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்று வந்து நின்றார்கள். நாங்கள் அதற்கு முன்பே ஒருவருக்கு ஒருவர். சம்பளச் செலவு கிடையாது. வீடு திரும்பும்போது ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் கால் கிலோ பால்கோவாவும் வைத்துவிட்டுப் போவார்கள்.

இப்போது நெறிகள் நன்றாகத் தேறிவிட்டன. இந்தியப் பொது சுகாதாரத் தர நெறிகள் 2007இல் வந்து, 2012இலும் 2022இலும் திருத்தப்பட்டன. ஆள் எடுக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. 2015இல் தமிழக அரசு ஆயிரக்கணக்கில் நர்ஸ்களை எடுத்தது, ஒப்பந்தத்தில், மாதம் 7,700 ரூபாய்க்கு. 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் டிஎம்எஸ் எனும் மருத்துவப் பணிகள் இயக்குநரக வளாகத்தில் போராட வந்து உட்கார்ந்த பிறகுதான் இந்தத் தொகை பலர் காதிலும் விழுந்தது.

என் அக்கா மகளும் நர்ஸ்தான். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ் ஏறி ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம், அவள் பிழைப்பைக் கெடுப்பானேன். வார்டு வாசலில் 'ஆறு நோயாளிக்கு ஒரு செவிலியர்' என்று சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்களாம்.

"நெசமாவே ஆறுதானாடி?"

"இன்ஸ்பெக்ஷன் அன்னைக்கு அஞ்சே பேருதான், சித்தி. மேல் மாடியிலருந்து ரெண்டு நர்ஸைக் கூட்டிட்டு வந்து நிறுத்திட்டாங்க."

"மத்த நாள்?"

"மத்த நாள் போர்டு இருக்கும்."

நோயாளியுடன் ஒருவர்தான் தங்கலாம் என்று இன்னொரு போர்டும் உண்டு. அந்த ஒருவர் ராத்திரி கிளம்பப் பார்த்தால், இவளே "விடிஞ்சு போங்களேன்" என்று கெஞ்சி உட்கார வைக்கிறாள். டிரிப் பார்க்க இப்போது மெஷின் இருக்கிறது. தீர்ந்தாலும் அடைத்துக்கொண்டாலும் கத்தும்.

"அப்போ நிம்மதிதான்."

"எங்க சித்தி நிம்மதி? தூக்கம் கெடுதுன்னு ஒரு அம்மா சத்தத்தை நிறுத்தப் பழகிட்டாங்க. இப்ப பக்கத்து பெட்டுக்கும் அவங்கதான் போய் நிறுத்துறாங்க."