மிளகுக்கு லிட்டர் எடை, பையனுக்கு மைல் வேகம்

அட்லாண்டா

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

அங்கே பெரியம்மாவின் முட்டிவலியும் மட்டாஞ்சேரி கொசுவும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். போன வாரம் போனில், "பேரன் படிப்பை விட்டுவிட்டுக் கல் எறிகிறானாமே?" என்று கேட்டீர்கள். கல் இல்லை பெரியப்பா, பந்து. கிரிக்கெட் பந்தைவிடக் கொஞ்சம் எடை குறைவு. படிப்பையும் விடவில்லை, காலேஜில் படிப்பதற்காகத்தான் எறிகிறான். இந்த ஊரில் இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு. எனக்கே அது புரிய வெகு நாளானதால் விவரமாக எழுதுகிறேன்.

முதலில் ஆட்டம். பேஸ்பாலில் எறிபவன் ஒரு மண்மேட்டின் மேல் நிற்பான். 60 அடி 6 அங்குலத்துக்கு அப்பால் மட்டை பிடித்தவன் நிற்பான், அவனுக்குப் பின்னால் ஒருவன் குந்தியிருப்பான். பந்து தரையில் குத்தாமல் நேரே குந்தியிருப்பவன் கைக்குப் போக வேண்டும். முழங்கையை எப்படி வேண்டுமானாலும் மடக்கி எறியலாம். ஃபோர்ட் கொச்சி பரேட் மைதானத்தில் நான் அப்படி எறிந்ததற்குத்தான் அந்தக் காலத்தில் எனக்குப் பந்து தராமல் பவுண்டரியில் நிறுத்தினார்கள். அதே குற்றத்துக்கு இங்கே ஸ்காலர்ஷிப் தருகிறார்கள்.

ஸ்காலர்ஷிப் கொடுப்பதற்கு முன்னால் ஆளை எடை போடுகிறார்களே, அதைப் பார்த்தபோதுதான் உங்கள் ஞாபகம் வந்தது. யூதத் தெருவில் 1957ல் ஆரம்பித்த மிளகு எக்ஸ்சேஞ்சில் குமாஸ்தாவாக உட்கார்ந்து எழுதியவர் நீங்கள். கொடியில் இன்னும் பச்சையாகத் தொங்கிக்கொண்டிருக்கும் மிளகுக்கு, மூன்று மாதம் கழித்துக் கொடுக்க வேண்டிய விலையை இன்றைக்கே கூவி முடிப்பார்களே, அந்த முன்பேர வியாபாரம்தான் இங்கே பதினாறு வயசுப் பையன்களை வைத்து நடக்கிறது. நம் தரகர்கள் சாக்கின் அடிவரை கைவிட்டு ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் தேய்த்து, தூசியை ஊதி, லிட்டர் படியில் கொட்டி நிறுப்பார்கள். 550 கிராம் நின்றால் சரக்கு தேறும். இங்கே படிக்குப் பதில் ரேடார் துப்பாக்கி. நம் பையன் மணிக்கு 82 மைல் நிற்கிறான், அதாவது 132 கிலோமீட்டர். பெரிய காலேஜ்காரர்கள் 90 மைலைப் பார்த்தால்தான் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

ஸ்கவுட் என்று ஒரு ஜாதி இருக்கிறது. தொழில்முறைக் கிளப்புகளுக்காக ஊர் ஊராகப் போய்ப் பையன்களைப் பார்ப்பதே அவர்கள் வேலை. அவர்கள் மார்க் போடும் கணக்கு விசித்திரம்: 20ல் தொடங்கி 80ல் முடியும். 50 என்றால் பெரிய லீக்கில் ஆடும் சராசரி ஆட்டக்காரன். 20க்குக் கீழே மார்க்கே கிடையாது, அவ்வளவு தாராளம். ஒவ்வொரு பையனுக்கும் இரண்டு மார்க்: இன்றைக்கு என்ன, நாளைக்கு என்ன ஆவான். "இப்போது 30, பின்னால் 50" என்று எழுதுகிறார்கள். இந்த முறை நம் ஸ்கூலில் இருந்திருந்தால் என் எஸ்.எஸ்.எல்.சி. கணக்குப் பேப்பருக்கும் ஒரு வருங்கால மார்க் கிடைத்திருக்கும்.

பெரிய காலேஜ் கோச்சுகள் தோன்றியபோதெல்லாம் பையனிடம் பேசிவிட முடியாது. பதினோராம் வகுப்புக்கு முந்தைய ஆகஸ்ட் 1ஆம் தேதி வரை வாயைத் திறக்கக் கூடாது என்று சட்டம். அன்றைக்கு நள்ளிரவு 12 அடித்ததும் நாடு முழுக்கப் பையன்களின் போன் அலறும் என்றார்கள். நாங்களும் போனை நடுக்கூடத்தில் வைத்துக்கொண்டு சுற்றி உட்கார்ந்தோம். 12 அடித்தது, போனும் அடித்தது. எடுத்தால் நீங்கள். உங்களுக்குக் காலை ஒன்பதரை. "வீட்டு வரி ரசீதை எங்கேடா வைத்துவிட்டுப் போனாய்?" என்று கேட்டீர்கள். அன்றிரவு வந்த போன் அது ஒன்றுதான்.

அவர்கள் கூப்பிடாவிட்டால் நாம் போய் நிற்க வேண்டும். அதற்குப் பெயர் ஷோகேஸ். சில நூறு டாலர் கட்டினால் பையனை ஓடவிட்டு, எறியவிட்டு, அடிக்கவிட்டு, எல்லாவற்றையும் அளந்து நெட்டில் போடுவார்கள். 60 கெஜ ஓட்டம் எத்தனை விநாடி, மட்டையில் பட்டுப் போகும் பந்து எத்தனை மைல், குந்தியிருப்பவன் எழுந்து இரண்டாம் பேஸுக்கு எறிய எத்தனை விநாடி, எல்லாம் ஏறிவிடும். எங்களுக்கு வடக்கே எமர்சன் என்ற ஊரில் லேக்பாயின்ட் என்று மைதானங்கள் வரிசையாக இருக்கின்றன. கோடை முழுக்க அங்கே அப்பாக்கள் குடை நாற்காலியோடு குடியிருக்கிறார்கள்.

அங்கே வலைக்குப் பின்னால் வைக்கோல் தொப்பி போட்ட ஒரு கோச்சுக்குப் பக்கத்தில் நின்றேன். கன்னத்தில் சூரியகாந்தி விதை அடக்கியிருந்தார். பையன் காலைத் தூக்கும்போது மட்டும் துப்பாக்கியைத் தூக்கினார், எண்ணைப் பார்த்தார், தோலைக் காகிதக் கோப்பையில் துப்பினார், குறித்துக்கொண்டார். நாலைந்து பந்து இப்படி. அப்புறம் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டார். கதை முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த பந்தை எதிராளி வேலிக்கு வெளியே அடித்தான். அப்போதுதான் அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பையனைப் பார்க்க ஆரம்பித்தார். பையன் புதுப் பந்தை வாங்கித் தொடையில் தேய்த்துக்கொண்டு மேட்டில் ஏறி நின்றான். அதற்கும் ஏதோ குறித்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "கத்தாத அப்பாவா? நல்லது" என்றார். நான் கத்தாததற்குக் காரணம், உங்கள் மருமகள் என் கையைக் கிள்ளிப் பிடித்திருந்ததுதான்.

இந்தியர்களுக்கும் பேஸ்பாலுக்கும் என்ன ஒட்டு என்று கேட்பீர்கள். 2008ல் அமெரிக்காவிலிருந்து ஒருவர் வந்து நம் நாட்டில் டெலிவிஷன் போட்டி வைத்தார். உத்தரப்பிரதேசத்தில் ஈட்டி எறிந்துகொண்டிருந்த ரிங்கு சிங் 87 மைல் வேகத்தில் எறிந்து ஒரு லட்சம் டாலர் ஜெயித்தார். அதுவரை பேஸ்பாலைக் கையால் தொட்டதில்லை. அந்த வருஷமே அவரையும், அதே போட்டியில் எறிந்த தினேஷ் படேலையும் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் ஒப்பந்தம் செய்தது. அந்தக் கதை சினிமாவாகவும் வந்தது, பாட்டு நம் ரஹ்மான். ரிங்கு பின்னால் மல்யுத்தத்துக்குப் போய்விட்டார்.

எங்கள் கோவில் கேன்டீனில் எல்லோரும் சொல்லும் பெயர் வேறு: குமார் ராக்கர். அம்மா வழித் தாத்தா பாட்டி இந்தியாவிலிருந்து வந்தவர்கள், அப்பா அமெரிக்க ஃபுட்பால் ஆடியவர். இதே ஜார்ஜியாவில் ஹைஸ்கூல் படித்தவர். 2018ல் கிளப்புகள் சுற்றுச் சுற்றாக ஆள் எடுக்கும் தேர்வில் ஒரு கிளப் அவரைக் கடைசிச் சுற்றுகளில் எடுத்தது. வேண்டாம் என்று வாண்டர்பில்ட் காலேஜுக்குப் போனார். 2019ல் ட்யூக் அணிக்கு எதிராக 19 பேரை வெறுங்கையோடு அனுப்பி, ஒருவனையும் ஹிட் அடிக்கவிடாமல் முடித்தார். 2022ல் டெக்சஸ் ரேஞ்சர்ஸ் மூன்றாவது ஆளாக எடுத்தது. அன்றிலிருந்து இங்கே குமார் என்று பெயர் வைத்த அத்தனை பையன்களுக்கும் ஒரு கிளவுஸ் வாங்கிக் கொடுத்துவிட்டார்கள்.

நம் ஊரிலும் இந்த வேலை நடக்காமல் இல்லை. 1976ல் கண்ணூர் விளையாட்டுப் பிரிவில் கோச் நம்பியார் சார் பி.டி. உஷா என்ற ஒல்லிப் பெண்ணைக் கண்ணால் பார்த்தே எடை போட்டார். அவர் கையில் ரேடாரா இருந்தது? கோதமங்கலத்தில் செயின்ட் ஜார்ஜ் ஸ்கூலும் மார் பேசில் ஸ்கூலும் மலையோரப் பிள்ளைகளைக் கொண்டுவந்து பழக்கி, மாநிலப் பள்ளி மீட்டில் கோப்பைக்கு அடித்துக்கொண்டதை மாத்ருபூமியில் நீங்களே வாசித்துக் காட்டுவீர்கள். அந்தப் பிள்ளைகளுக்குப் பிறகு காலேஜில் ஸ்போர்ட்ஸ் கோட்டா. வித்தியாசம் ஒன்றுதான் பெரியப்பா. நம் ஊரில் கண்டுபிடிப்பவர் செலவழிப்பார். சோறும் ஷூவும் அவர் பொறுப்பு. இந்த ஊரில் கண்டுபிடிக்கப்படுகிறவன் செலவழிக்க வேண்டும். பயிற்சிக்குப் பணம், அணிக்குப் பணம், மோட்டலுக்குப் பணம், "என் பையன் இங்கே இருக்கிறான், பாருங்கள்" என்று சொல்லவும் பணம்.

செலவழித்து வருவது என்ன என்றும் கேட்பீர்கள். முதல் பிரிவுக் காலேஜ் ஒவ்வொன்றுக்கும் பேஸ்பாலுக்கு 11.7 ஸ்காலர்ஷிப் என்று வெகுகாலம் வரம்பு வைத்திருந்தார்கள். அதை 27 பேர் வரை கூறு போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. 2025ல் கோர்ட் ஒப்பந்தம் ஒன்று வந்து, சேர்ந்துகொள்ளும் காலேஜ்களுக்கு அந்த வரம்பு போயிற்று. பதிலுக்கு அணியில் 34 பேருக்கு மேல் வைக்கக் கூடாது. ஆக, பணம் இருக்கும் காலேஜில் இடம் இல்லை, இடம் இருக்கும் காலேஜில் பணம் இல்லை.

அந்த வைக்கோல் தொப்பிக்காரர் வட கரோலைனாவில் ஒரு சின்னக் காலேஜின் கோச். போன வாரம் கூப்பிட்டார். வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "கணக்கில் எவ்வளவு வாங்குகிறான்?" என்றார். சொன்னேன். குரலே மாறிவிட்டது. பந்துக் கணக்கில் ஃபீஸில் கால் பங்குதான் தன்னால் தர முடியும், இந்த மார்க்குக்குப் படிப்புக் கணக்கில் அதைவிட அதிகம் வாங்கித் தரலாம் என்றார். இத்தனை கோடை வெயிலில் நின்றுவிட்டு, கடைசியில் டியூஷன் டீச்சருக்குத்தான் நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் மருமகளுக்கு இதில் பரம சந்தோஷம். "நான் அப்போதே சொன்னேன்" என்பதைத் தினமும் இருவேளை சொல்கிறாள்.

அடுத்த மாதம் அந்தக் கோச் இந்தப் பக்கம் வரும்போது வீட்டுக்கும் வந்து பேசுகிறாராம். கேசரியும் வாழைக்காய் பஜ்ஜியும் போடுவதாக முடிவாகியிருக்கிறது. ரவைக்கு எவ்வளவு நெய் என்று பெரியம்மாவிடம் கேட்டு எழுதவும். தட்டை எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் வைப்பது யார் என்பதில்தான் இங்கே தகராறு. பையன் முடியவே முடியாது என்கிறான்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மகன்