பி.பி.எஸ். யார் வீட்டுப் பிள்ளை?

ஹைதராபாத்தில் உட்கார்ந்து பி.பி.ஸ்ரீநிவாஸ் பாட்டுக் கேட்பது வம்பான காரியம். அந்தக் குரல் சத்தம் போடாது. இந்த ஊர் சத்தத்தை விடாது. பிள்ளையாரைக் கரைக்கிற நாட்களில் தெருவெல்லாம் தீன்மார் அடி, கல்யாண பாராத் வந்தால் டி.ஜே., இரண்டும் இல்லாத நாளில் பக்கத்து மனையில் போர்வெல் லாரி. பத்மாராவ் நகர் குடியிருப்பில் நான் அவரைக் கேட்பதெல்லாம் ராத்திரி பதினொன்றுக்கு மேல்தான்.

நான் வளர்ந்தது டி.எம்.எஸ். கட்சி வீட்டில். அப்பாவைப் பொறுத்தவரை பாட்டு என்றால் தெருமுனை டீக்கடை வரை கேட்க வேண்டும். ரேடியோவில் பி.பி.எஸ். வந்தால், "யாராவது இவருக்கு ஒரு சோடா வாங்கிக் குடுங்கப்பா" என்பார். மரத்தைச் சுற்றிவரும் ஜெமினி கணேசனுக்கு இந்தக் குரல் போதும், கோட்டையைப் பிடிக்கிற ஆளுக்கு ஆகாது என்பது அவர் கட்சி. நானும் கோட்டை பிடிக்கிற ஆளாகத்தான் என்னை நினைத்துக்கொண்டிருந்தேன். நாற்பதைத் தாண்டி, ஆபீசில் ஜன்னலோர நாற்காலியைக்கூடப் பிடிக்க முடியாது என்று தெளிந்த ஒரு ராத்திரியில், 'சுமைதாங்கி' படத்துப் பாட்டு காதில் விழுந்தது. கண்ணதாசன் எழுதியது, அறிவுரைதான். ஆனால் சொல்கிறவர் எதிரே நின்று விரலை ஆட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து தனக்கும் சேர்த்துச் சொல்லிக்கொள்கிறார். எங்கே மூச்சு விட்டார் என்றே தெரியவில்லை. மேலே ஏறிக் கைதட்டல் வாங்கும் அவசரமும் கிடையாது. கீழ் ஸ்தாயிக்கு இறங்கும்போதுதான், வேலை முடிந்து வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி மாட்டியவர்போல அந்தக் குரல் நிம்மதியாகிறது.

சினிமா வாய்ப்பில்லாமல் சென்னையை விட்டே கிளம்ப இருந்த வாலி, இந்தப் பாட்டை பி.பி.எஸ். பாடிக் காட்டியதும் மனசை மாற்றிக்கொண்டார் என்பது ஊரறிந்த கதை. தமிழ் சினிமாவுக்கு ஒரு வாலி மிஞ்சினார். என் விஷயத்தில் லாபம் அவ்வளவு இல்லை. ஒரு ராஜினாமாக் கடிதம் அனுப்பப்படாமல் கிடக்கிறது.

அதற்குப் பிறகு அவரைத் தமிழர் சொத்தாகவே பாவித்து வந்தேன். மூன்றாம் மாடிக்காரர் வழிமறித்தார். "மா காகிநாடா அப்பாயி அண்டி!" எங்கள் ஊர்ப் பையன் என்கிறார். பத்திரம் போல அந்த ஊர் இனிப்பான காஜாவையும் ஒரு டப்பா நீட்டினார். உண்மைதான், 1930-ல் காகிநாடாவில் பிறந்தவர். ஆனால் தெலுங்கர்கள் கண்டசாலாவுக்கு மனசை எழுதிக்கொடுத்துவிட்டு இவருக்கு என்ன மிச்சம் வைத்தார்கள் என்று கேட்டேன். காஜா டப்பா ஓரங்குலம் பின்வாங்கியது.

நாங்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்கையில் லிஃப்டிலிருந்து ஒரு கன்னடக்காரர் இறங்கி, அவர் ராஜ்குமாரின் குரல், பேச்சு முடிந்தது என்றார். வருஷக்கணக்காக ராஜ்குமார் வாயசைத்தது அந்தக் குரலுக்குத்தான். 1974-ல் 'சம்பத்திகே சவால்' படத்தில் பாடிப் பேர் வாங்கிய பிறகு ராஜ்குமார் தன் பாட்டைத் தானே பாடத் தொடங்கினார். அந்த இடத்தை நினைவூட்டினேன். கன்னடக்காரர் படியில் இறங்கிப் போய்விட்டார்.

சங்கீதத்தில் பி.பி.எஸ்.ஸுக்குப் பேர் வராது என்று ஒரு ஜோசியர் சொன்னாராம். பையன் கேட்கவில்லை. 1952-ல் ஜெமினியின் இந்திப் படமான 'மிஸ்டர் சம்பத்'தில் பாடினார். அடுத்த வருஷம் தமிழுக்கு வந்தார். வந்த படத்தின் பெயர் 'ஜாதகம்'. ஜோசியருக்கு இதைவிட மரியாதையாகப் பதில் சொல்ல முடியாது.

கத்தாமல் காரியம் சாதிப்பது அவருக்குப் பழக்கம். பிற்காலத்தில் சென்னை உட்லண்ட்ஸ் டிரைவ்-இன்னில், சட்டைப்பை நிறைய வண்ணப் பேனாக்களோடு உட்கார்ந்து கவிதை எழுதிக்கொண்டிருப்பார். எட்டு மொழிகளில் எழுதினார், உருது உட்பட. இதை இரானி ஹோட்டலில் பழைய நகரத்துக்காரர் ஒருவரிடம் சொல்லியிருக்கக்கூடாது. கஜல் எழுதியவர் என்றதும், "அப்படியானால் எங்கள் ஆள்" என்று சாயாவை உறிஞ்சினார்.

2013 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டன்று சென்னையில் காலமானார். அடுத்த மாதமே டி.எம்.எஸ்.ஸும் போனார். "நம்மாளு வர்றாருன்னு சொல்ல முன்னாடியே போயிருக்காரு" என்றார் அப்பா. கடைசி வரை கட்சி மாறவில்லை.

இப்போது குடியிருப்பு ஆண்டு விழாவுக்குக் கீழ்த்தள பார்க்கிங்கில் கரோக்கி. பி.பி.எஸ். பாட்டு ஒன்று உண்டு என்று முடிவாகிவிட்டது. எந்த மொழி என்பதில் இரண்டு கூட்டம் கலைந்தது. கடைசியில் நான் ஒரு வழி சொன்னேன். மனிதன் நிலவில் கால்வைத்ததைக் கொண்டாடி, ஆங்கிலத்தில் தானே எழுதிப் பாடி இசைத்தட்டு போட்டவர் அவர். அது யாருக்கும் தாய்மொழி இல்லை, யாரும் உரிமை கோர முடியாது. ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. அந்தப் பாட்டுக்குக் கரோக்கி டிராக் எங்கே கிடைக்கும் என்று செயலாளர் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார். மூன்றாம் மாடிக்காரர், பாட்டு கிடைக்காவிட்டாலும் காஜா உண்டு என்று சொல்லியிருக்கிறார்.