என்னையும் ஒரு கருவியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்

அனுப்புநர்
செல்போன் டவர் ஏறுபவன்,
(எந்தக் கம்பெனி ஆள் என்பது விபத்து நடந்த பிறகு முடிவு செய்யப்படும்)

பெறுநர்
தலைவர் அவர்கள்,
இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் (ட்ராய்),
புது தில்லி.

பொருள்: மனிதன் என்ற நிலையிலிருந்து விடுவித்து, கருவி என்ற தகுதி வழங்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் ஆணையத்தின் சேவைத் தர ஒழுங்குமுறைகள், 2024.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

பார்வையில் கண்ட ஒழுங்குமுறைகளை இன்ஜினியரிங் படித்த தம்பி ஒருவர் எனக்குத் தமிழில் படித்துச் சொன்னார். கேட்டதிலிருந்து ஆண்டெனாக்கள் மேல் எனக்குப் பெரும் பொறாமை.

நாட்டில் சுமார் 8 லட்சம் டவர்கள் நிற்கின்றன. அவற்றில் உள்ள கருவிகள் செயலிழந்து கிடக்கும் நேரம் (டவுன்டைம்) மொத்தத்தில் 2 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்கிறீர்கள். பேச்சு பாதியில் அறுந்து விழுவதற்கும் 2 விழுக்காடுதான் எல்லை. மீறினால் 1 லட்சத்தில் தொடங்கி 10 லட்சம் வரை அபராதம். மாவட்ட அளவில் 24 மணி நேரத்துக்கு மேல் சேவை நின்றால் போஸ்ட்பெய்டுக்காரருக்கு வாடகையில் கழிவு, ப்ரீபெய்டுக்காரருக்குக் கூடுதல் நாள். சிக்னல் போனால் நஷ்டஈடு உண்டு என்று தெரிந்ததும், போகிறவர் சிக்னலாகப் பிறந்திருக்கலாமே என்று தோன்றியது.

பேச்சு அறுந்து விழுந்தால் தங்கள் அட்டவணையில் ஏறும். நான் விழுந்தால் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கையில், ‘உயரத்திலிருந்து விழுதல்’ என்ற தலைப்புக்குள் போவேன். தென்னை மரத்திலிருந்து விழுந்தவர், மொட்டை மாடியில் பட்டம் விட்டு விழுந்த பையன், சாரத்திலிருந்து விழுந்த கொத்தனார் எல்லாரும் அங்கே இருப்பார்கள். நல்ல துணைதான். ஆனால் அந்தக் கூட்டத்தில் டவர்க்காரன் எத்தனை பேர் என்று பிரித்துக் கேட்டால் பதில் வராது. அமெரிக்காக்காரர்களுக்கு விவரம் போதாது. 2013இல் டவர் வேலையில் 13 பேர் செத்தார்கள் என்று எண்ணித் தொலைத்தார்கள். எண்ணிய பாவத்துக்கு, மறு ஆண்டே அங்குள்ள தொழில் பாதுகாப்புத் துறை டவர் முதலாளிகளுக்கெல்லாம் கடிதம் எழுத வேண்டியதாயிற்று. எண்ணாமல் இருந்தால் தபால் செலவு மிச்சம்.

கருவி என்ற தகுதி கிடைத்தால் எனக்கு என்னென்ன நன்மை என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலாவது, டவுன்டைம். ஆண்டெனாவின் முகத்துக்கு நேரே நின்று வேலை செய்வதென்றால் அந்தப் பக்கத்து செக்டாரை, அதாவது அந்தத் திசைக்கான சிக்னலை, முதலில் அணைக்க வேண்டும். ரேடியோ அலை அளவு மீறினால் சதையைச் சூடாக்கும். ரத்த ஓட்டம் இல்லாத கண்ணின் லென்ஸுக்கு அந்தச் சூட்டைத் தணித்துக்கொள்ள வழி கிடையாது. இது கீழே நிற்கும் சூப்பர்வைசருக்கும் தெரியும். ஆனால் அணைத்தால் அந்த நிமிடங்கள் தங்கள் 2 விழுக்காட்டில் போய் உட்காரும். என் கண் எந்த விழுக்காட்டிலும் உட்காராது. ஆகவே, “அப்படியே முடிச்சுட்டு எறங்குப்பா” என்பார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். எது எண்ணப்படுகிறதோ அதைத்தானே அவர் காப்பாற்றுவார்?

கதிர்வீச்சுக்கு ஊரே பயப்படுவதும் அரசுக்குத் தெரியும். 2012 செப்டம்பரில் தொலைத்தொடர்புத் துறை, பொதுமக்கள் மேல் படும் அளவை சர்வதேச வரம்பில் பத்தில் ஒன்றாகக் குறைத்தது. 2017இல் ‘தரங் சஞ்சார்’ என்ற இணையதளம் திறந்து, 4000 ரூபாய் கட்டினால் வந்து அளந்து சொல்வோம் என்றார்கள். டவருக்கு எதிர்வீட்டு மாமி அளந்து பார்த்து நிம்மதியாகத் தூங்கலாம். டவர் மேலேயே நிற்பவன் விலாசம் என்னவென்று எழுதுவது? ‘தரையிலிருந்து 40 மீட்டர், ஆண்டெனாவுக்கு முன்னால்’ என்றால் ஏற்பார்களா?

இரண்டாவது, 90 வினாடி. வாடிக்கையாளர் சேவை மையத்துக்கு வரும் அழைப்புகளில் 95 விழுக்காட்டை 90 வினாடிக்குள் ஆள் எடுத்துப் பேச வேண்டும் என்பது தங்கள் விதி. கால் வழுக்கி, ஹார்னெஸ் என்ற பாதுகாப்பு வார் பிடித்துத் தொங்குகிறவன் பிழைத்தான் என்று கீழே உள்ளவர்கள் நினைப்பார்கள். அசையாமல் தொங்கினால் தொடை வார் இறுகி, ரத்தம் காலில் தேங்கி, சில நிமிடங்களில் மயக்கம் வரும், உயிரும் போகலாம். ஏறிப்போய் அவனை இறக்கத் தெரிந்த இன்னொருவன் சைட்டில் இருக்க வேண்டும். இருப்பவர் பெரும்பாலும் வேன் டிரைவர். அப்படித் தொங்க நேர்ந்தால் நான் கஸ்டமர் கேருக்கே அடிக்கலாம் என்றிருக்கிறேன். 90 வினாடியில் எடுப்பதாக வாக்குக் கொடுத்தவர்கள் அவர்கள் மட்டும்தான்.

ஹார்னெஸ் தருவதில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஏறுவதற்கு முன் மாட்டிக்கொண்டு போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். ஒரே ஹார்னெஸ் நாலு பேரின் போட்டோவிலும் இருக்கும். எங்களைவிட அதற்குத்தான் முகராசி. இரண்டு கொக்கியை மாற்றி மாற்றி மாட்டி ஏறினால் எந்த நொடியும் ஒன்று பிடித்திருக்கும் என்பது பாடம். கூலி சைட்டுக்கு இவ்வளவு என்பது நடைமுறை. ஒவ்வொரு அடிக்கும் கொக்கி மாட்டினால் இருட்டுவதற்குள் அடுத்த சைட்டுக்குப் போக முடியாது. மேலே மலைத்தேனீ கூடு கட்டியிருந்தால், கொக்கியைக் கழற்றிவிட்டு ஓட இடமும் கிடையாது.

மூன்றாவது, போர்ட்டபிலிட்டி. 2011 ஜனவரியிலிருந்து நாடு முழுக்க, கம்பெனி மாறினாலும் எண் மாறாது. எங்கள் விஷயத்தில் கான்ட்ராக்ட் மாறும்போது டவர் மாறாது, ஏணி மாறாது, ஏறுகிறவனும் மாற மாட்டான். சர்வீஸ் மட்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். செல் நிறுவனம் டவர் கம்பெனியிடம் கொடுக்கும், டவர் கம்பெனி பராமரிப்பு வெண்டாரிடம், அவர் சப்-கான்ட்ராக்டரிடம், அவர் எங்கள் ஊர் மேஸ்திரியிடம். படிக்குப் படி ரேட் குறைந்துகொண்டே வரும். பொறுப்பு மட்டும் குறையாமல் இறங்கிக்கொண்டே வரும். இரண்டும் கடைசியில் சேரும் இடம் நான்.

இதெல்லாம் தொழிலாளர் துறையின் வேலை என்று தாங்கள் எழுதுவீர்கள். உண்மைதான், அங்கே சட்டத்துக்குப் பஞ்சமில்லை. 1996ஆம் ஆண்டுக் கட்டுமானத் தொழிலாளர் சட்டம் தொலைபேசி, வயர்லெஸ், டவர் என்று எங்களைப் பெயர் சொல்லியே அழைத்தது. அதையும் விழுங்கிக்கொண்டு, தொழில்சார் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்தது. முன்பு 20 ஆள் வைத்திருந்தாலே ஒப்பந்தத் தொழிலாளர் விதிகள் கான்ட்ராக்டரைப் பிடிக்கும். இப்போது 50 ஆள் வேண்டும். எங்கள் கோஷ்டி நாலு பேர். அந்த விதிகள் எங்களைக் கவனிக்க இன்னும் நாற்பத்தாறு பேரை டவரில் ஏற்ற வேண்டும், டவர் தாங்காது.

மார்ச் 4 தேசியப் பாதுகாப்பு நாளை மட்டும் எங்கள் தரப்பில் யாரும் மறப்பதில்லை. பேட்ஜ் குத்துவார்கள், உறுதிமொழி வாசிப்பார்கள், வாசகப் போட்டிக்குப் பரிசு தருவார்கள். விழா நேரத்தில் எங்காவது டவர் பழுதென்று அலாரம் வந்தால் மட்டும் எங்களை அனுப்பிவிடுவார்கள்.

ஆகவே அடியேன் கோருவது:

1. டவர் ஏறுபவனையும் வலையமைப்பின் ஓர் அங்கம் என அறிவித்து, அவன் விழுவதற்கும் ஒரு விழுக்காட்டு எல்லை வகுத்தருள வேண்டும். பூஜ்யம் என்று வைத்தால் உத்தமம்.
2. ஆள் ஏறும்போது அணைத்த செக்டாரின் நேரத்தை டவுன்டைம் கணக்கிலிருந்து விலக்கி, அணைக்காத செக்டாருக்கு அபராதம் விதிக்க வேண்டும்.
3. பேச்சு எத்தனை அறுந்தது என்று வெளியிடும் அதே பக்கத்தில், எந்த நிறுவனத்தின் டவரில் எத்தனை பேர் விழுந்தார்கள் என்றும் வெளியிட வேண்டும். இடையில் எத்தனை கான்ட்ராக்டர் இருந்தாலும் டவரில் தொங்கும் சிக்னல் யாருடையதோ அவர் பெயரில்.

மூன்றில் ஒன்றுதான் முடியும் என்றால் மூன்றாவதைக் கொடுங்கள். மற்ற இரண்டையும் நிறுவனங்கள் பயந்துபோய்த் தாமாகவே செய்துவிடும்.

தங்கள் உண்மையுள்ள,
டவர் ஏறுபவன்

நகல்:
தொழிலாளர் துறைக்கு – இதைத் தங்களுக்கே திருப்பி அனுப்பும் வசதிக்காக.
தொலைத்தொடர்புத் துறைக்கு – இருவரும் திருப்பி அனுப்பியதைக் கோப்பில் வைக்கும் வசதிக்காக.